திருவையாற்றுப் பெண்மணி தந்த பதில்

கல்லங்குறிச்சிக் கலியுக வரதராஜப் பெருமாளின் தேரோட்டத்தைப் பார்த்த நேயர்களுக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்கும். வடம் பிடிப்பவர்கள் ஏராளமான பேர். சக்கரத்தடியில் முட்டுக்கட்டையைப் போட்டுத் தேரைத் திருப்புகிறவர்களோ ஒரு சிலர். ஆரவாரமெல்லாம் வடத்தின் பக்கம். சாமர்த்தியமெல்லாம் கட்டையின் பக்கம்! சினிமாவில் டைரக்டர் செய்யும் வேலையும் ஏறக்குறைய இதுதான் என்று வகுப்பில் ஒரு நாள் சொல்லி வைத்தேன். உடனே ஒரு சிறுமி எழுந்து, "அந்தக் கட்டையைப் பெண்கள் யாராவது போட்டிருக்கிறார்களா, ஸார்?" என்று கேட்டாள்.

இதற்குப் பதில் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. அரியலூரில் தஞ்சாவூர் பஸ் ஏறித் திருமானூருக்கு அப்பால் கொள்ளிடத்தைத் தாண்டினால் திருவையாறு வந்துவிடும். தியாகராஜ ஸ்வாமிகளின் சமாதியால் பெருமை பெற்ற அவ்வூரில் 1911-ம் ஆண்டு பிறந்தவர் டி. பி. ராஜலக்ஷ்மி. பொம்மை வைத்து விளையாட வேண்டிய பருவத்திலேயே அவருக்குக் கல்யாணம் செய்து வைத்தார்கள். அந்தக் கல்யாணம் நிலைக்கவில்லை. சிறு பெண்ணாகவே நாடக மேடை ஏறினார். மேடையில் தேசபக்திப் பாட்டுக்களையும் பாடினார்.

1931-ல் தமிழ் பேசிய முதல் படமான 'காளிதாஸ்' வெளிவந்தபோது அதன் கதாநாயகி அவர்தான். கதாநாயகன் தெலுங்கில் பேச, கதாநாயகி தமிழில் பதில் சொன்ன விந்தையை ஜனங்கள் ஆனந்தமாகப் பார்த்தார்கள். திரையில் தமிழ் ஒலித்ததே அவர்களுக்குப் போதுமானதாயிருந்தது!

புகழும் பொருளும் வந்த பிறகு வேறொருவராயிருந்தால் நகையும் நிலமும் வாங்கியிருப்பார். ராஜலக்ஷ்மியோ சொந்தமாகப் படக் கம்பெனி தொடங்கினார். தாம் எழுதிய 'கமலவல்லி' என்னும் நாவலையே 1936-ல் 'மிஸ் கமலா' என்ற படமாக்கினார். கதை அவருடையது, பணம் அவருடையது, முக்கிய வேஷம் அவருடையது, டைரக்ஷனும் அவருடையதே. உலகில் ஆலிஸ் கை என்ற பிரெஞ்சு மாது 1896-லேயே படம் எடுத்திருந்தார். பம்பாயில் பாத்மா பேகம் 1926-ல் ஒரு மௌனப் படத்தை டைரக்ட் செய்தார். தென்னாட்டில் முதலில் துணிந்தவர் ராஜலக்ஷ்மி.

ஏன் துணிந்தார்? புராணக் கதைகளே திரையை நிறைத்திருந்த காலம் அது. அவர் எடுத்துக்கொண்டதோ, மனத்துக்கு ஒவ்வாத கல்யாணத்தில் சிக்கிய ஒரு பெண்ணின் கதை. நடிகை என்பவள் பிறர் எழுதிக் கொடுத்த துயரத்துக்குத் தன் கண்ணீரை இரவல் கொடுக்கிறாள். எந்தக் கண்ணீரைக் காட்டுவது, எங்கே மௌனம் சாதிப்பது, யார் பக்கம் நின்று கதையைப் பார்ப்பது என்பவற்றைத் தீர்மானிக்கிறவர் டைரக்டர். குழந்தை மணத்தின் கசப்பை அறிந்த ஒரு பெண், அந்தத் தீர்மானத்தைப் பிறர் கையில் விட்டுவிட விரும்பவில்லை. கலையைப் பற்றி அவர் கொண்டிருந்த கொள்கை இதுவே என்பதற்கு அவருடைய செய்கையே சாட்சி.

அதற்கு அவர் கொடுத்த விலையும் சிறிதல்ல. பிறகு தேசியக் கருத்துடன் 'இந்தியத் தாய்' என்ற படத்தை எடுத்தார். அந்நிய ஆட்சியின் தணிக்கைக் கத்தரிக்கோல் அதில் புகுந்து விளையாடிற்று. நஷ்டம் அவர் தலையில் விழுந்தது. 1964-ல் அவர் காலமானார்.

ஆனாலும் அவர் திறந்த கதவு மூடிக்கொள்ளவில்லை. 1953-ல் பானுமதி 'சண்டிராணி'யை மூன்று பாஷைகளில் டைரக்ட் செய்தார். 1969-ல் 'குழந்தை உள்ளம்' படத்தை ஸாவித்திரியும், 1995-ல் 'இந்திரா'வை ஸுஹாஸினியும் எடுத்தார்கள். 2020-ல் ஸுதா கொங்கராவின் 'சூரரைப் போற்று' வெளிவந்து, தேசத்தின் சிறந்த கதைப் படம் என்ற விருதைப் பெற்றது.

இவ்வளவையும் சொல்லி முடித்தேன். சிறுமி சற்று யோசித்து, "'மிஸ் கமலா'வை எங்கே பார்க்கலாம், ஸார்?" என்றாள்.

எனக்குத் தொண்டை அடைத்தது. அந்தப் படத்தின் பிரதி இன்று இல்லை. தேர் நிலைக்கு வந்து சேர்ந்தது. முதலில் கட்டை போட்ட கையை நாம் காப்பாற்றி வைக்கவில்லை.

போன படம் திரும்பி வராது. ஆனால் நேயர்களே, உங்கள் வீட்டில் ஒரு பெண் குழந்தை நோட்டுப் புத்தகத்தில் ஏதோ கதை எழுதிக்கொண்டிருந்தால், "அடுப்பைக் கவனி" என்று கூப்பிடுவதற்கு முன் ஒரு நிமிஷம் பொறுத்துக்கொள்ளுங்கள். பால் பொங்கி வழிந்தாலும் பாதகமில்லை. அந்தக் கதை முடியட்டும்!