நிழல் எந்தப் பக்கம் விழுகிறது?

இயற்கைக் காட்சி ஓவியத்தைப் பார்த்தால் "அப்படியே போட்டோ மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். நான் முதலில் தேடுவது தொடுவானத்தை.

மதுராந்தகம் ஏரியை எடுத்துக்கொள்ளுங்கள். கரையில் நின்று அதை வரைவதாக வைத்துக்கொள்ளுங்கள். தொடுவானக் கோட்டைத் தாளின் அடியில் போட்டால் வானம் படத்தை விழுங்கிவிடும். கரையில் நடக்கிற ஆள் எறும்பாகிவிடுவார், படத்தில் ஒரு தனிமை வந்துவிடும். மேலே ஏற்றினால் தண்ணீரும் சேறும் நாற்றும் கிட்டே வந்துவிடும். அது வேலை நடக்கிற பூமி. ஏரி அதேதான், கோடு மட்டும்தான் நகர்ந்தது.

அடுத்து வெளிச்சம். ஆங்கில ஓவியர் தாமஸ் டேனியலும் அவருடைய சகோதரர் மகன் வில்லியமும் 1792-93-இல் தென்னாட்டைச் சுற்றி வரைந்தார்கள். மாமல்லபுரமும் அதில் உண்டு. கேமரா அப்ஸ்கூரா என்ற பெட்டியில் விழும் பிம்பத்தைப் பார்த்துக் கோடு இழுப்பார்கள். அதனால் கட்டடங்களின் அளவு பெரும்பாலும் பிசகாது. ஆனால் அமைப்பு அவர்கள் ஊர்ப் பாணி: முன்னால் இருண்ட தரை, ஓரத்தில் மரம், நடுவில் வெயில் பட்ட கட்டடம், பின்னால் மங்கிய தூரம். நம் கண் இருட்டில் கால்வைத்து வெளிச்சத்துக்கு நடந்துபோகும். கெட்டிக்கார ஏற்பாடுதான். ஆனால் நம் கடற்கரையின் உச்சிவெயில் பாறையை வெளுக்கடித்துவிடும். அந்தக் கண்கூச்சம் அவர்கள் படங்களில் இல்லை. என்னைக் கேட்டால், மாமல்லபுரம் இங்கிலாந்துக்குப் போய்த் திரும்பியதுபோல இருக்கிறது!

உணர்ச்சிக்குப் பொழுதுதான் ஆணிவேர். தொல்காப்பியம் கடலோர நெய்தல் நிலத்துக்கு எற்பாடு என்ற சாயுங்காலத்தையும் இரங்கலையும் சேர்த்தே வைத்தது. ஓவியருக்கும் அதே கணக்குதான். மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலையே பாருங்கள். அங்கே கடல் கிழக்கில். சூரியன் ஊர்ப் பக்கம் இறங்கும். சாயுங்காலம் ஊர்ப் பக்கம் நின்று வரைந்தால் கல்லில் பொன்வெயில், பின்னால் கருத்துவரும் கடல். அலையோரம் போய்த் திரும்பி நின்றால் அதே கோயில் வெறும் கருப்பு உரு. அதன் நிழல் நம் காலடிக்கு நீண்டு வரும். முன்னதில் நிறைவு, பின்னதில் இரங்கல்.

இனி கடற்கரைக் கோயில் படம் எதைப் பார்த்தாலும் கடல் எங்கே இருக்கிறது, நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று பாருங்கள். ஓவியர் எந்தப் பொழுதில், எங்கே நின்றார் என்று நீங்களே சொல்லிவிடலாம்.