முத்துக் கரையிலிருந்து தங்க மலைக்கு ஒரு நடை!

'தினமும் நடங்க' என்கிறார் டாக்டர். நீங்களும் மறுநாளே கேன்வாஸ் ஷூ வாங்கிவிடுகிறீர்கள். அதே தெரு, அதே முக்கு டீக்கடை, அதே நாய்... ஒரு மாசம் ஓடுகிறது. அப்புறம்? ஷூ கட்டிலுக்கு அடியில் போய் ஒதுங்கிவிடுகிறது. உண்மைதானே?

எனக்கும் இதே கதைதான். எங்கள் கீழவைப்பாரில் நடை என்றால் கடற்கரை. வைப்பாறு கடலில் சேருகிற இடம் வரைக்கும் போய்த் திரும்பினால் முடிந்தது. ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. முட்டி ஒரு வார்த்தை பேசாது. அதனால்தான் போன வருஷம், மழைக்காலம் ஓய்ந்த கையோடு, குடும்பத்தோடு மலைக்குக் கிளம்பினோம். ஊட்டி இல்லை. அதையும் தாண்டி இறங்கினால் கூடலூர், அங்கிருந்து நாடுகாணி, தேவாலா, பந்தலூர். அருவிகளும், காடும், தேயிலையும், இவற்றுக்கு நடுவே பழைய தங்கச் சுரங்கங்களும் இருக்கிற நடைபாதைகள்!

'தங்கமா? தமிழ்நாட்டிலா?' என்று அக்கா மகன் நம்பவே இல்லை. ஒன்பதாவது படிக்கிறான். உங்கள் வீட்டுப் பிள்ளைகளும் நம்ப மாட்டார்கள். கதையைச் சொல்கிறேன், கேளுங்கள்.

இந்தப் பக்கத்துப் பணியர்களும் குறும்பர்களும் வெள்ளைக்காரன் வருவதற்கு முன்பிருந்தே ஓடை மணலை மரத்தட்டில் அலசித் தங்கப்பொடி எடுத்தவர்கள். 1870-களில் இங்கே காப்பித் தோட்டங்களில் இலைநோய் விழுந்து துரைமார்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். அந்த நேரத்தில், 1879-இல், ஆஸ்திரேலியாவிலிருந்து பிரஃப் ஸ்மித் என்ற சுரங்க நிபுணரை அரசாங்கம் வரவழைத்தது. 'இங்கே தங்கம் இருக்கிறது' என்று அடுத்த வருஷம் அவர் அறிக்கை கொடுத்ததுதான் தாமதம், லண்டனில் பங்கு விற்பனை சூடு பிடித்துவிட்டது. முப்பதுக்கும் மேற்பட்ட கம்பெனிகள், நாற்பது லட்சம் பவுனுக்கும் மேலே மூலதனம்! காப்பி செத்துப்போன தோட்டங்களைத் துரைமார்கள் நல்ல விலைக்குத் தங்கக் கம்பெனிகளின் தலையில் கட்டினார்கள். (இந்த விஷயத்தில் அன்றைக்கும் இன்றைக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை!) கப்பலில் வந்த இறங்கின இரும்பு இயந்திரங்களை மாடு கட்டி மலைமேல் இழுத்தார்கள். பாறை உடைந்தது, ஆனால் டன் கணக்கில் அரைத்தும் கையில் தேறியது சொற்பம். இரண்டு மூன்று வருஷத்திலேயே எல்லாம் படுத்துவிட்டது. காடு திரும்ப வந்து மூடிக்கொண்டது.

எங்கள் கரைக்கும் இதே மாதிரி ஒரு கதை உண்டு என்பதால் எனக்கு இது ரொம்பப் பிடித்துப்போனது. தூத்துக்குடிக் கடலில் அரசாங்கம் நடத்திய கடைசி முத்துக்குளிப்பு 1961-இல். அதற்கப்புறம் பார்களில் சிப்பி சேரவில்லை. முத்துக் குளித்தவர்கள் சங்கு குளிக்கப் போனார்கள். இங்கே தங்கம் தோண்டியவர்கள் போன இடத்தில் இன்றைக்குத் தேயிலை நிற்கிறது. சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து திரும்பிய குடும்பங்களுக்காக அரசாங்கம் தொடங்கிய டான்டீ தோட்டங்களும் இதில் உண்டு.

சரி, நடைக்கு வருவோம். நாடுகாணியில் வனத்துறையின் ஜீன்பூல் தோட்டம் இருக்கிறது. முதல் நாள் அங்கே நடந்து காலைப் பழக்கிக்கொள்ளுங்கள். பெரணிச் செடிகள், ஆர்க்கிட் பூக்கள், கீழே கேரளத்து நிலம்பூர் பக்கம் சரிகிற பச்சைப் பள்ளத்தாக்கு. அந்தக் காற்றை மூக்கு நிறைய இழுத்தபோதுதான் எனக்கு உப்பு வாசமே இல்லாத காற்று என்று ஒன்று இருப்பது உறைத்தது! மறுநாள் தேவாலாப் பக்கம் தேயிலைக்கு நடுவே போகிற சாலைகள். தமிழ்நாட்டிலேயே அதிகம் மழை வாங்குகிற இடங்களில் ஒன்று இது. மழை விட்டு ரொம்ப நாள் ஆகாததால் திருப்பத்துக்குத் திருப்பம் பாறையில் வெள்ளை வேட்டி காயப்போட்ட மாதிரி தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. இந்த ஓடைகள் பாண்டியாறு, புன்னம்புழா வழியாகச் சாலியாற்றில் சேர்ந்து அரபிக்கடலுக்குப் போகின்றன.

உயரம் சுமார் மூவாயிரம் அடிதான். தலைசுற்றல், வாந்தி என்று பயப்பட வேண்டாம், அதெல்லாம் இன்னும் எத்தனையோ ஆயிரம் அடி மேலே. ஆனால் சமதளத்தில் பழகிய இதயத்துக்கு ஏற்றம் புதுசு. நடக்கும்போது கூட வருகிறவரோடு தொடர்ந்து பேச முடிகிறதா? அதுதான் உங்கள் வேகம். பேச்சு துண்டு துண்டாக வந்தால் நின்றுவிடுங்கள். நெஞ்சில் அழுத்தம், இடது தோளில் வலி என்றால் 'கேஸ் டிரபிள்' என்று சமாளிக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறவர்கள் பையில் நாலு மிட்டாய் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏறுவதைவிட இறங்குவதுதான் வம்பு! இறக்கத்தில் தொடைத் தசை நீண்டுகொண்டே உடம்பைப் பிடித்து நிறுத்தணும். அதனால்தான் அன்றைக்கு ஒன்றும் தெரியாமல், மறுநாளும் அதற்கடுத்த நாளும் மாடிப்படி இறங்க முடியாமல் முனகுகிறோம். சின்னச் சின்ன அடி, முட்டியைக் கொஞ்சம் மடக்கி, கையில் ஒரு கம்பு. என் அக்கா 'எனக்கெதுக்குடா கம்பு, கிழவி மாதிரி' என்றாள். மூன்றாம் நாள் அந்தக் கம்பை ஊருக்கே எடுத்து வந்துவிட்டாள்!

இனி நான் சொல்லப்போவதை மட்டும் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

தேயிலை ஓரத்தில், புதர் மூடிய பாறையில் ஒரு வாய். ஆள் குனிந்து போகலாம். பழைய சுரங்கம். உள்ளேயிருந்து ஜில்லென்று காற்று. 'மாமா, ரெண்டு நிமிஷம்' என்று பையன் டார்ச்சை எடுத்துக்கொண்டு குனிந்துவிட்டான். வெட்கமாகத்தான் இருக்கிறது, நானும் பின்னால் போகத் தயாராக இருந்தேன். அப்போது தோட்டத்தில் இலை பறித்துவிட்டு வந்த ஒரு பெரியம்மா போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. "தம்பி! வெளிய வா! அதுக்குள்ள போனவங்க திரும்பல!"

அவர் மிகைப்படுத்தவில்லை. திருட்டுத்தனமாகத் தங்கம் தோண்டப் போய் மண் சரிந்தும் மூச்சடைத்தும் இந்தப் பக்கத்தில் செத்தவர்கள் உண்டு. காரணம் என்ன தெரியுமா? தங்கம் இருக்கிற வெள்ளைப் பாறையோடு இரும்பும் கந்தகமும் கலந்த தாது இருக்கும். ஈரத்தில் அது துருப்பிடிக்கிற மாதிரி மாறும்போது காற்றிலுள்ள ஆக்சிஜனைக் குடித்துவிடும். முட்டுக்கொடுத்த மரம் மக்கினாலும் அப்படியே. காற்றோட்டம் இல்லாத வளைவுகளில் ஆக்சிஜனே இல்லாத காற்று தேங்கி நிற்கும். நிறம் இல்லை, வாசனை இல்லை, டார்ச் வெளிச்சத்தில் தெரியாது.

ஊருக்கு வந்து பெரியப்பாவிடம் சொன்னேன். எண்பதைத் தாண்டியவர், சங்கு குளித்தவர். "கடல்ல உள்ள போனா மூச்சு முட்டும்லே. முட்டுனா கயித்தை இழுத்து மேல வந்துரலாம். அந்தப் பொந்துல முட்டவே முட்டாதாம்லா?" என்றார். எங்கேயோ கேள்விப்பட்டிருக்கிறார். விஷயம் அதேதான்! மூச்சு முட்டுகிற உணர்வைக் கிளப்புவது பெரும்பாலும் ஆக்சிஜன் குறைவதல்ல, உடம்பில் கரியமில வாயு சேருவது. குளியாளிக்கு அந்த மணி அடித்துவிடுகிறது. ஆக்சிஜன் மட்டும் குறைந்த காற்றில் நீங்கள் மூச்சை விட்டு விட்டுத்தான் இழுக்கிறீர்கள், கரியமில வாயு வெளியே போய்க்கொண்டே இருக்கிறது, மணி அடிப்பதில்லை. சாதாரணக் காற்றில் 21 சதவீதம் ஆக்சிஜன். பத்துக்கும் கீழே போனால் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் சுருண்டு விழ வேண்டியதுதான். காப்பாற்றப் போகிற இரண்டாவது ஆளும் அப்படியே விழுவார். பாழுங்கிணற்றிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் வரிசையாக மூன்று பேர் சாவது இதனால்தான். யாராவது உள்ளே விழுந்தால் நீங்கள் இறங்காதீர்கள். தீயணைப்புத் துறைக்கு 101, அல்லது 112.

சுரங்க வாயை வெளியே நின்று பாருங்கள், போதும். புதர் மூடிய செங்குத்துக் குழிகளும் இருக்கின்றன, பாதையை விட்டு விலகாதீர்கள். காட்டுக்குள் போவதற்கு வனத்துறை அனுமதி வேண்டும். விடிகாலையிலும் மாலை மங்கியபிறகும் யானை நடமாட்டம் சர்வசாதாரணம்.

அட்டையைப் பற்றிச் சொல்லாவிட்டால் அக்கா கோபித்துக்கொள்வாள்! பேன்ட்டை சாக்ஸுக்குள் செருகுங்கள். கடித்துவிட்டால் பிய்த்து இழுக்க வேண்டாம், சூடு வைக்கவும் வேண்டாம். நகத்தைத் தோலோடு ஒட்டி மெதுவாகத் தள்ளினால் வழுக்கி விழும். அதன் எச்சில் ரத்தத்தை உறையவிடாது, அதனால் கொஞ்ச நேரம் கசிந்துகொண்டே இருக்கும். சோப்புப் போட்டுக் கழுவி அழுத்திப் பிடியுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கிளம்பும் முன்பே டாக்டரிடம் கேட்டுவிடுவது நல்லது.

அட்டை கண்ணுக்குத் தெரியும். தெரியாத ஆள் ஒருவர் இருக்கிறார். புதரில் ஒட்டுகிற குட்டியூண்டு பூச்சியால் வருகிற ஸ்க்ரப் டைஃபஸ். ஊர் திரும்பி ஒன்றிலிருந்து மூன்று வாரத்துக்குள் காய்ச்சல், தலைவலி வந்தால் அக்குள், இடுப்பு, தொடை இடுக்கில் சிகரெட் சுட்ட மாதிரி வலியில்லாத கறுப்புப் பொருக்கு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டாலும் 'காட்டுக்குப் போயிருந்தேன்' என்று டாக்டரிடம் சொல்லுங்கள். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் சாதாரண மாத்திரையில் அடங்கும். விட்டால் நுரையீரல், சிறுநீரகம் வரை போகும்.

எப்போது போகலாம்? ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வேண்டவே வேண்டாம். 2024 ஜூலை 30-இல் நிலச்சரிவில் சிதைந்த வயநாட்டின் சூரல்மலை, இதே மலைத்தொடரில்தான் இருக்கிறது. மழை விட்டு மண் இறுகியபின், அருவி வற்றுவதற்கு முன், டிசம்பர், ஜனவரி அருமை. நீலகிரிக்கு வண்டியில் போக 2024 மே மாதம் ஈ-பாஸ் முறை வந்தது. கிளம்பும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

அந்தத் தேயிலைத் தோட்டத்துப் பெரியம்மாவுக்கு எங்கள் ஊர்க் கருவாடு ஒரு பொட்டலம் கொடுத்தனுப்பணும் என்று அக்கா சொல்லிக்கொண்டே இருக்கிறாள். பேரும் கேட்கவில்லை, லைன் வீட்டு நம்பரும் கேட்கவில்லை. அடுத்த ஜனவரியில் நேரிலேயே போய்த் தேடுவதாக இருக்கிறோம்.