கடல் கடக்கும் வான்வழி

இலண்டனிலிருந்து நியூயார்க்குக்குச் செல்லும் வானூர்தி புறப்பட்டவுடன் எத்திசை நோக்கித் திரும்பும்? இலண்டன் வட அட்சரேகை ஐம்பத்தொன்றரைப் பாகையில் இருக்கிறது; நியூயார்க்கோ நாற்பதரைப் பாகையை ஒட்டி, அதற்கு வெகு தெற்கே இருக்கிறது. ஆகவே, தென்மேற்கு நோக்கித்தான் செல்லும் என்று விடை கூறுவோர் பலர். ஆனால் மேற்கிலிருந்து பதினெட்டுப் பாகை அளவு வடக்கே சாய்ந்துதான் அப்பயணம் தொடங்குகிறது. கணினித் திரையில் வானூர்தி ஓட்டிப் பழகும் 'பிளைட் சிமுலேட்ட'ரில் முதன்முதலாகப் பெருங்கடல் கடக்கத் திட்டமிடுவோர் திகைத்து நிற்பதும் இவ்விடத்திலேதான்.

குற்றம் வழியில் இல்லை; நாம் பழகிய தேசப்படத்தில் இருக்கிறது. 1569இல் மெர்க்கேட்டர் வகுத்த படமுறை கப்பலோட்டிகளின் வசதிக்காக எழுந்தது. ஒரே திசைமுகமாகச் செல்லும் பாதை அதில் நேர்க்கோடாகத் தோன்றும். மிகக் குறுகிய பாதையோ வளைந்து தோன்றும். பூகோள உருண்டையில் இவ்விரு நகரங்களையும் ஒரு நூலால் இழுத்துப் பிடித்தால் ஐயம் தீரும். அயர்லாந்துக்கு மேற்கே கடலின்மேல் 54 பாகையை நெருங்கி உயர்ந்து, பின்பு அந்நூல் தெற்கே இறங்குவதை மாணவரும் காண்பர். இதுவே பெருவட்டப் பாதை. இதன் நீளம் ஏறத்தாழ 3,000 கடல் மைல்.

எனினும், குறுகிய பாதையே சிறந்த பாதை என்று எண்ணிவிடுதல் கூடாது. வட அட்லாண்டிக் வானில் மேற்கிலிருந்து கிழக்கே பாயும் உயர்வளிக் காற்றோட்டம் உண்டு. 2020 பிப்ரவரி 9ஆம் நாள், நியூயார்க்கிலிருந்து இலண்டன் சென்ற பிரிட்டிஷ் ஏர்வேஸ் வானூர்தி ஒன்று, புயற்காற்றின் உந்துதலால் 4 மணி 56 நிமிடத்தில் கடலைக் கடந்துவிட்டது. வழக்கமாக ஆறு மணிக்கு மேல் ஆகும் பயணம் அது! மேற்கே செல்வோருக்கு அதே காற்று பகை. ஆதலால் மேற்கு நோக்கிய பகல்நேரத் தடங்களை ஷான்விக் நிலையமும், கிழக்கு நோக்கிய இரவுநேரத் தடங்களைக் கனடாவின் கேண்டர் நிலையமும் அன்றன்றைய காற்றுக்கேற்ப வகுத்து வெளியிடுகின்றன. (ஷானன், பிரெஸ்ட்விக் என்னும் இரு பெயர்களின் ஒட்டே ஷான்விக்.) நேற்றைய தடத்தை இன்றைக்கு எடுத்தாளுதல் பயன் தராது. உண்மையான வானிலையை அவ்வப்போதே பெற்றுக்கொள்ளும் இக்காலச் சிமுலேட்டர்களுக்கும் இது பொருந்தும்.

இத்தடங்களின் குறிகள் பெரும்பாலும் பத்துப் பத்துப் பாகைத் தீர்க்கரேகைகளில் விழும். வடக்கு 52, மேற்கு 20 என்ற இடத்தை வழிச்செலுத்தும் கணினியில் '5220என்' என்று பதிவர். அவ்வெழுத்து கடைசியில் நில்லாமல் நடுவே புகுந்து '52என்20' ஆகிவிட்டால், பொருள் மேற்கு 120 என்று மாறிவிடும். அது கனடாவின் மேற்குக் கரையோர மாநிலமாகிய பிரிட்டிஷ் கொலம்பியாவில் விழும் இடம்! இப்பிழையாவது திரையில் கோடு தாறுமாறாக ஓடுவதால் கண்ணிற்படும். 5220க்குப் பதில் 5120 என்று அழுத்திவிட்டால் கோடு ஒழுங்காகவே தோன்றும். வானூர்தியோ 60 கடல் மைல் தெற்கே போய்விடும். அடுத்தடுத்த தடங்கள் நெடுங்காலமாக ஒரு பாகை இடைவெளியில்தான் அமைந்தன; பிற்காலத்தில் சில அரைப்பாகை இடைவெளிக்கும் நெருங்கின. எனவே அந்த ஓர் இலக்கப் பிழை அண்டைத் தடத்தில் கொண்டுபோய் நிறுத்த வல்லது.

வழி தவறுதலின் விலை என்ன என்பதை 1983 செப்டம்பர் 1ஆம் நாள் உலகம் கண்டது. அலாஸ்காவின் ஆங்கரேஜிலிருந்து சியோல் நோக்கிப் பறந்த கொரிய வானூர்தி, வகுத்த வழியினின்று 200 கடல் மைலுக்கும் மேலாக விலகிச் சோவியத் எல்லைக்குள் சென்று சுட்டு வீழ்த்தப்பட்டது. அதிலிருந்த 269 பேரும் மாண்டனர். தானோட்டும் கருவி வழிச்செலுத்தும் கணினியைப் பின்பற்றாமல் ஒரே திசைமுகத்தைப் பற்றிச் சென்றதையும், அதனை விமானிகள் கவனியாததையும் 1993இல் வெளிவந்த அனைத்துலக ஆய்வறிக்கை சுட்டிற்று. ஒவ்வொரு குறியையும் கடந்த பத்தாம் நிமிடத்தில் வானூர்தி நிற்கும் இடத்தைப் படத்தில் குறித்துப் பார்க்கும் வழக்கம் இத்தகைய விலகலைப் பிடிப்பதற்கென்றே இருக்கிறது. சிமுலேட்டரில் தானோட்டியை முடுக்கிவிட்டு உறங்கப் போவோர் உண்டு. அவர்கள் கடலைக் கடக்கலாம். ஆனால் மீகாமனின் வேலையைச் செய்தவர் ஆகார். (நாவாய் செலுத்துவோனுக்குரிய இப்பழஞ்சொல் வானூர்திக்கும் நன்கு பொருந்துவதே; வழக்கில்தான் ஏறவில்லை.)

இனி, கணக்கு ஆசிரியருக்கு உவப்பான பகுதி ஒன்று உண்டு. நடுக்கடலில் பயணி ஒருவருக்கு நெஞ்சுவலி கண்டால் முன்னே செல்வதா, பின்னே திரும்புவதா? இரு கரைக்கும் பறக்கும் நேரம் சமமாகும் இடத்தைப் புறப்படுமுன்பே கண்டு வைத்தல் வேண்டும். அதனைச் சமநேரப் புள்ளி எனலாம். அயர்லாந்தின் ஷானனுக்கும் கேண்டருக்கும் இடையே 1,715 கடல் மைல். காற்றில்லாதபோது வானூர்தியின் வேகம் மணிக்கு 450 கடல் மைல் என்றும், எதிர்க்காற்று 50 என்றும் கொள்வோம். முன்னே செல்ல வேகம் 400; திரும்பி வர 500. மொத்தத் தொலைவை 500ஆல் பெருக்கி, இருவேகங்களின் கூட்டுத்தொகையாகிய 900ஆல் வகுத்தால் ஷானனிலிருந்து 953 கடல் மைல் என்று விடை வரும். நட்டநடுவோ 857.5இல் இருக்கிறது. அதாவது, பாதித் தொலைவைத் தாண்டி மேலும் ஏறத்தாழ 95 கடல் மைல் சென்ற பின்பும் திரும்பி வருதலே விரைவு! அந்த இடத்திலிருந்து எப்பக்கம் சென்றாலும் ஏறக்குறைய 1 மணி 54 நிமிடம்.

அதே காற்றில் கேண்டரிலிருந்து கிழக்கே வருவோர் இக்கணக்கைத் தம் பக்கமிருந்து போட்டால் 762 கடல் மைல் என்று காண்பர். 1,715இலிருந்து 953ஐக் கழித்தால் வருவதும் அதுவே. திசை மாறினாலும் கடலில் அப்புள்ளி இருந்த இடத்திலேயே இருக்கிறது; அதை நகர்த்துவது காற்று ஒன்றே.