பதினெட்டு வளைவில் ஸ்டியரிங்

கல்முனையிலிருந்து மகியங்கனை வழியாகக் கண்டிக்குப் போய்வந்தவர்களுக்குப் பதினெட்டு வளைவைச் சொல்லித் தர வேண்டியதில்லை. அடுத்த முறை அங்கே வேன் சாரதியின் கையைக் கவனியுங்கள், நேயர்களே. அலுங்காமல் ஒரே கையால் வளைக்கிறாரா? அது பவர் ஸ்டியரிங்கின் தயவு.

பழைய வகையில், எஞ்சின் சுழற்றும் பம்ப் எண்ணெயை அழுத்தித் தள்ளி உதவும். இப்போதைய வெகன்ஆர் போன்ற கார்களில் அந்த வேலை சின்னதொரு மின்மோட்டாருக்கு. எண்ணெய் மிச்சம், பெற்றோலும் மிச்சம். ஆனால் விளையாட்டுக் கார்ப் பிரியர்கள் முகம் சுளிப்பார்கள். வளைவில் முன்டயர் வழுக்கத் தொடங்குவதை எண்ணெய் வகை கைக்கு உணர்த்திவிடும். மின்வகை பல நேரம் மழுப்பிவிடும் என்பது அவர்கள் கட்சி. 1990இல் வந்த ஹொண்டா என்எஸ்எக்ஸ் காரில், முதலில் ஓட்டோமெட்டிக் கியருக்கு மட்டுமே மின் ஸ்டியரிங். மெனுவல் கியர் வாங்கியவர் தன் தோள்பலத்தில்தான் வளைக்க வேண்டும்!

நம் வேனுக்கு வருவோம். எஞ்சின் நின்றால் இந்த உதவியும் போய், ஸ்டியரிங் கல்லாக இறுகிவிடும், பிரேக்கும் கடினமாகும். பெற்றோலை மிச்சம் பிடிக்கிறோமென்று இறக்கத்தில் எஞ்சினை நிறுத்திவிடாதீர்கள்.