உங்களுக்குத் தெரியுமா? பாதுகாப்பு வால்வு திறந்த பிறகும் தொட்டி வெடிக்கலாம்

1966 ஜனவரி 4 அன்று பிரான்சின் லியோன் நகருக்கு அருகே, ஃபெய்சின் சுத்திகரிப்பு ஆலையில் புரொப்பேன் கசிந்து தீப்பற்றியது. நெருப்பில் சிக்கிய உருண்டைத் தொட்டியின் பாதுகாப்பு வால்வு திறந்தது. அப்படியும் தொட்டி வெடித்தது. 18 பேர் மாண்டனர். வால்வைக் குறை சொல்ல முடியாது. அழுத்தம் வரம்பைத் தாண்டாமல் பார்ப்பதோடு அதன் வேலை முடிந்தது. எஃகின் வலுவோ நிமிடத்துக்கு நிமிடம் இறங்குகிறது. திரவம் நனைக்கும் சுவர் அவ்வளவாகச் சூடேறாது. ஆவி மட்டுமே படும் மேற்சுவர் 600 டிகிரி செல்சியஸை நெருங்கினால் பாதி வலு போய்விடும். அதனால்தான் தீயின்போது வாயுவை நாமே வெளியேற்றி, 15 நிமிடத்தில் உள்ளழுத்தத்தை வடிவமைப்பு அழுத்தத்தின் பாதிக்குக் குறைக்கச் சொல்கிறது அமெரிக்க பெட்ரோலியக் கழகத்தின் வழிகாட்டல்.

எரிகிற இடத்தில் மேலும் வாயுவைத் திறப்பதா? அது நெருப்புக்குள் போவதில்லை. தனிக் குழாயில் ஃபிளேர் கோபுரம் சேர்ந்து, எட்டத்தில் எரிகிறது. கசிவுக்கும் தீனி குறைகிறது. அப்படியானால் ஒரே மூச்சில் திறந்துவிடலாமே என்றால், சட்டென்று விரியும் வாயு கடுங்குளிராகி, எஃகைக் கண்ணாடிபோல் உடையவைக்கும். வாயுவை வெளியேற்றும் வால்வுக்கு அடுத்து, நடுவில் ஒரு துளை மட்டும் உள்ள தகடு அந்த வேகத்தைக் கட்டுகிறது. 15 நிமிடம் என்பதும் சுமார் 25 மில்லிமீட்டர் தடித்த சுவருக்கான கணக்குதான்; மெல்லிய குழாய் அவ்வளவு நேரம் தாங்காது.