ஆர்டர் காப்பி வந்தாச்சு... பணம் கேட்டாங்களா?

மாத்தூரிலிருந்து மணலி பக்கம் போனால் சி.பி.சி.எல். சுத்திகரிப்பு ஆலை, மெட்ராஸ் உர ஆலை. வடக்கே தள்ளி எண்ணூரில் காமராஜர் துறைமுகம். தினமும் கண்ணில் படுகிற கம்பெனியின் லோகோவோடு, ‘நீங்கள் தேர்வு செய்யப்பட்டுள்ளீர்கள்’ என்று மெயில் வந்தால் வீட்டில் யாருக்குச் சந்தேகம் வரும்? அதிலும் பையன் டிப்ளமோ முடித்து இரண்டு வருடமாக கான்ட்ராக்ட் வேலைக்கு அலைந்துகொண்டிருந்தால்?

‘படிச்சவங்க ஏமாற மாட்டாங்க’ என்பவர்கள் 2022-ல் டெல்லியில் நடந்ததைக் கேளுங்கள். தமிழ்நாட்டைச் சேர்ந்த 28 பேர், பலர் இன்ஜினீயரிங், தொழில்நுட்பம் படித்தவர்கள், புதுடெல்லி ரயில் நிலையத்தில் ஒரு மாதம் தினமும் எட்டு மணி நேரம் ரயில்களையும் பெட்டிகளையும் எண்ணினார்கள். டிக்கெட் பரிசோதகர், கிளார்க் வேலைக்கு இதுதான் டிரெயினிங் என்று சொல்லியிருந்தார்கள். மருத்துவப் பரிசோதனை, சான்றிதழ் சரிபார்ப்பு எல்லாம் நடந்தது. ஐ.டி. கார்டும் பணி நியமன ஆணையும் கைக்கு வந்தன. ரயில்வேயில் போய்க் கேட்டபோதுதான் அவை போலி என்று தெரிந்தது. ஆளுக்கு 2 லட்சம் முதல் 24 லட்சம் வரை, மொத்தம் 2.67 கோடி ரூபாய் போய்விட்டது. நல்லெண்ணத்தில் அந்தக் கும்பலிடம் அறிமுகப்படுத்திய முன்னாள் ராணுவ வீரர்தான் கடைசியில் புகார் கொடுத்தார்.

அங்கே ஸ்டேஷன் நிஜம், ரயிலும் நிஜம். அதனால் லெட்டர்ஹெட், முத்திரை, கையெழுத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். வேலை கொடுப்பவர் உங்களிடம் பணம் கேட்கிறாரா என்று மட்டும் பாருங்கள். செக்யூரிட்டி டெபாசிட், யூனிஃபார்ம், லேப்டாப், சரிபார்ப்புக் கட்டணம் என்று பெயர் மாறும். ‘ரீஃபண்டபிள்’ என்று வேறு சொல்வார்கள்!

அரசுத் தேர்வுக்கும் கட்டணம் உண்டே என்பீர்கள். அது விண்ணப்பிக்கும்போது அதிகாரப்பூர்வ இணையதளத்தில் கட்டுவது. ரயில்வே தேர்வு வாரியம் 500 ரூபாய் வாங்கினால், முதல் கணினித் தேர்வை எழுதியதும் 400 ரூபாயைத் திருப்பித் தந்துவிடுகிறது. தேர்வான பிறகு யாரும் காசு கேட்பதில்லை.

மொபைலில் மெயில் திறந்தால் அனுப்பியவர் பெயர் மட்டும்தான் பளிச்சென்று தெரியும். அந்தப் பெயரை யாரும் எப்படி வேண்டுமானாலும் வைக்கலாம். கீழே உள்ள சின்ன அம்புக்குறியைத் தட்டி, ‘அட்’ குறிக்குப் பின்னால் இருப்பதைப் படியுங்கள். ஜிமெயில் என்றோ, கம்பெனி பெயரோடு ‘கேரியர்ஸ்’, ‘ஜாப்ஸ்’ என்று வால் ஒட்டியோ இருந்தால் நிறுத்திவிடுங்கள். பிறகு மெயிலில் உள்ள நம்பருக்கு இல்லாமல், கம்பெனி இணையதளத்தில் உள்ள நம்பருக்குப் பேசுங்கள். உள்ளூர் ஆலை என்றால் இன்னும் சுலபம், கேட்டில் போய் விசாரித்துவிடலாம்.

ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் கப்பல் வேலை ஆசை ஜாஸ்தி. கப்பலுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிக்கு ஆர்.பி.எஸ்.எல். உரிமம் வேண்டும். கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்ககத்தின் இணையதளத்தில் அந்த எண்ணைச் சரிபார்க்கலாம். உரிமம் உள்ளவர்களும் வேலைக்காக மாலுமியிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்பதுதான் சட்டம்.

பணம் அனுப்பிவிட்டீர்களா? யார் திட்டுவார்களோ என்று யோசிக்காமல் உடனே 1930-க்கு அழையுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குப் போவதற்குள் சொன்னால் முடக்க வாய்ப்பு உண்டு. மெயிலையும் சாட்டையும் கோபத்தில் அழித்துவிடாதீர்கள், புகாருக்கு அவைதான் ஆதாரம். ஆதார், பான் நகல் மட்டும் அனுப்பியிருந்தாலும் பேங்க்கில் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.