ஒருங்குநிகழ் வரிசைத் தொடைகளில் அயல் மூலகங்கள்

ஏறுவரிசையில் அமைந்த தொடையொன்றிலே, தரப்பட்ட மூலகமொன்றுக்கு முன்னும் பின்னும் உள்ளவை எவை என்னும் வினா மிக எளியதாகவே தோன்றும். ஒரேயோர் இழை மட்டும் தொடையைக் கையாளும்வரை அது எளியதே. பல இழைகள் ஒரே வேளையில் மூலகங்களைச் சேர்த்தும் நீக்கியும் வருமிடத்து, ‘அயல்’ என்ற சொல்லின் பொருளையே நாம் மீள ஆராய வேண்டியுள்ளது.

ஜாவா மொழியை எடுத்துக்கொள்வோம். அதன் 6ஆம் பதிப்பில் (2006) கன்கரண்ட்ஸ்கிப்லிஸ்ட்செட் என்னும் வகுப்பு சேர்க்கப்பட்டது. வில்லியம் பியூ 1990இல் விளக்கி வெளியிட்ட தாவற்பட்டியலே இதற்கு அடிப்படை. எல்லா மூலகங்களும் அடித்தட்டிலே சங்கிலிபோற் கோக்கப்பட்டிருக்கும். எழுமாறாகத் தெரியப்பட்ட சில, மேலுள்ள தட்டுகளிலும் இடம்பெறும். தேடல் மேலிருந்து பெருந்தாவல்களாய்த் தொடங்கிப் படிப்படியாகக் கீழிறங்கும். சமநிலை மரங்களிற் போலக் கிளைகளைச் சுழற்ற வேண்டியதில்லை. சேர்த்தலும் நீக்கலும் அண்மையிலுள்ள சில இணைப்புகளையே தொடும். பூட்டின்றிப் பல இழைகள் இயங்குதற்கு இவ்வமைப்பு ஏற்றதானமைக்கு இதுவே காரணம்.

லோவர் என்னும் செயல் தரப்பட்டதிலும் சிறியவற்றுட் பெரியதையும், ஹையர் அதிலும் பெரியவற்றுட் சிறியதையும் தரும். புளோர், சீலிங் ஆகியன சமமானதையும் ஏற்பன. சங்கிலி முன்னோக்கியே செல்வதால், முந்திய மூலகத்தை அறிய மேற்றட்டிலிருந்தே மீளத் தேட வேண்டும்.

தனித்தனியே இவ்விடைகள் சரியானவை. இடர்ப்பாடு அவற்றைச் சோடியாகக் கொள்ளும்போதே எழுகின்றது. தொடையில் 10, 20, 30 உள்ளன. 20இன் முன்னயலைக் கேட்கிறோம்; 10 கிடைக்கின்றது. அதற்கிடையில் வேறோர் இழை 10ஐ நீக்கிப் பின்னர் 25ஐச் சேர்க்கிறது. இப்போது பின்னயலைக் கேட்டால் 25 வரும். 10உம் 25உம் தொடையில் ஒருகணமேனும் ஒன்றாயிருந்ததில்லை. எனினும் எமது கையில் அச்சோடி உள்ளது!

மண்டப ஒதுக்கீட்டில் இதன் விளைவு பாரதூரமானது. தொடக்க நேரப்படி ஒதுக்கீடுகள் வரிசையாயுள்ளன. 10.00 முதல் 11.30 வரை கேட்கும் இழையும், 11.00 முதல் 12.00 வரை கேட்கும் இழையும் ஒரே வேளையில் அயல்களைப் பார்க்கின்றன. இரண்டுக்கும் இடைவெளி தெரிகிறது, இரண்டும் சேர்க்கின்றன. ஒரே மண்டபத்துக்கு ஒரே நேரத்தில் இருவர்! தொடை பழுதின்றியே இயங்கியுள்ளது. பிழை, பார்த்தலையும் சேர்த்தலையும் இரு வேறு செயல்களாக விட்ட நிரலாளருடையது.

முன்னயலை இருமுறை கேட்டு, விடை மாறாவிடின் ஏற்றுக்கொள்ளலாமே எனச் சிலர் கருதுவர். இடையில் 10 நீக்கப்பட்டு மீளவும் சேர்க்கப்பட்டிருப்பின் அச்சோதனை அதனைக் காணாது. பார்த்தலையும் சேர்த்தலையும், ஏனை மாற்றங்கள் அனைத்தையும், ஒரே பூட்டுக்குள் அடக்குவது எளிய வழி. மாறாத மரமொன்றை ஒரேயொரு சுட்டின் வழியாக வைத்திருப்பது மற்றொன்று: வாசிப்போர் சுட்டை ஒருமுறை எடுத்து இரு அயல்களையும் அதே மரத்திற் காண்பர், எழுதுவோர் புதிய மரத்தை அமைத்து, பழைய சுட்டு மாறாதிருந்தால் மட்டுமே அதனை மாற்றீடு செய்வர், மாறியிருப்பின் மீளத் தொடங்குவர். எழுதுவோர் மிகுந்தவிடத்து இம்மீள்முயற்சிகள் பெருகுமாதலால், அங்கு நாம் பூட்டையே விரும்புவோம். அயல்களைத் திரையிற் காட்டுவது மட்டுமே நோக்கமாயின் இவை எவையும் வேண்டியதில்லை. லோவரும் ஹையரும் போதும்.